பள்ளிப் பிள்ளைகளுக்கு மூளையைக் காட்டுவோம்



அறிவியல் ஆசிரியராக வாழ்ந்து மறைந்த ஒருவரின் நினைவாக அவருடைய பிள்ளைகள் அமைத்த அறக்கட்டளையின் சொற்பொழிவு இது. கேட்க வருகிறவர்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று அறக்கட்டளை ஆவணத்திலேயே ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்கள். இன்றைய தலைப்பை நான் தேர்ந்துகொண்டதற்கு அந்த வரிதான் காரணம். பல்கலைக்கழகங்களும் மருத்துவக் கல்லூரிகளும் தங்கள் வாசலைத் திறந்து, பள்ளிப் பிள்ளைகளை உள்ளே அழைத்து, மூளையைப் பற்றிக் காசில்லாமல் சொற்பொழிவு நடத்த வேண்டும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை போதும். இதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். உடலியங்கியல் சொல்லிக்கொடுத்தே வாழ்நாளைக் கழித்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

காசில்லாமல் ஒரு சொற்பொழிவைக் கேட்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு மைக்கேல் ஃபாரடேயின் பெயரைச் சொல்லலாம். 1812-இல் அவர் லண்டனில் புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகிக்கொண்டிருந்த இருபது வயதுப் பையன். ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ஃப்ரி டேவி வேதியியல் சொற்பொழிவு நடத்திவந்தார். நுழைவுச்சீட்டு வாங்கப் பையனிடம் வசதி இல்லை. கடைக்கு வந்துபோகும் ஒருவர் தன்னிடமிருந்த சீட்டுகளைக் கொடுத்தார். ஃபாரடே கேட்டது நான்கே நான்கு சொற்பொழிவுகள். கேட்டதையெல்லாம் குறிப்பெடுத்து, தானே அழகாகக் கட்டுப்போட்டு, டேவிக்கு அனுப்பினார். மறு ஆண்டு அந்த நிறுவனத்திலேயே உதவியாளராகச் சேர்ந்தார். மின்மோட்டாருக்கும் மின்னாக்கிக்கும் அடிப்படையான கண்டுபிடிப்புகள் அங்கிருந்துதான் வந்தன.

நான் இன்னும் பெரிதாக மதிப்பது பிறகு நடந்ததை. 1825-இல் அதே இடத்தில் இளையோருக்கென்று கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் தொடங்கின. 1827 முதல் 1860 வரை பத்தொன்பது முறை அந்தத் தொடரை நடத்தியவர் ஃபாரடே. உலகின் முதல்வரிசை ஆய்வாளர் ஒருவர், பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு முன்னால் மெழுகுவத்தியைக் கொளுத்தி வைத்துக்கொண்டு, அது எப்படி எரிகிறது என்று ஆறு நாள் பேசினார். இது தன் வேலைக்கு இடைஞ்சல் என்று அவர் நினைக்கவில்லை. தன் வேலையின் ஒரு பகுதியாகவே அதைச் செய்தார்.

மூளையும் அந்த மேடைக்கு வந்திருக்கிறது. 1967-இல் ரிச்சர்ட் கிரிகரி பார்வையைப் பற்றிப் பேசினார். 1994-இல் சூசன் கிரீன்ஃபீல்ட் மூளையைப் பற்றியே முழுத் தொடரையும் நடத்தினார். கிறிஸ்துமஸ் சொற்பொழிவுத் தொடரை நடத்திய முதல் பெண் அவர்தான். 2011-இல் புரூஸ் ஹூட் அதே பொருளுக்குத் திரும்பினார். அமெரிக்காவில் வேறொரு வழி பிறந்தது. 1980-இல் ஃபெர்மி ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த லியான் லெடர்மன், உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குச் சனிக்கிழமைக் காலை இயற்பியல் வகுப்பை இலவசமாகத் தொடங்கினார். எட்டு ஆண்டுகள் கழித்து நோபல் பரிசு பெற்றவர் அவர். பல பல்கலைக்கழகங்கள் இந்த முறையை எடுத்துக்கொண்டன. 1996-இல் தொடங்கிய மூளை விழிப்புணர்வு வாரம் மார்ச் மாதத்தில் நடக்கிறது. அந்த வாரத்தில் உலகெங்கும் ஆய்வக மாணவர்கள் பள்ளிகளுக்குப் போகிறார்கள். பள்ளி மாணவர்கள் ஆய்வகங்களுக்கு வருகிறார்கள்.

மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் நார்பர்ட் மிஸ்லின்ஸ்கி 1990-களின் இறுதியில் தொடங்கிய ‘பிரெய்ன் பீ’ என்ற போட்டியும் இருக்கிறது. உண்மையான மூளையில் பாகங்களை அடையாளம் காட்டுவது, நோயாளியாக நடிப்பவரைப் பார்த்து நோயைச் சொல்வது என்று நன்றாகவே வடிவமைத்திருக்கிறார்கள். நம் நாட்டுப் பிள்ளைகளும் அதில் கலந்துகொள்கிறார்கள். ஆனாலும் நம் ஊருக்கு முதல் தேவை போட்டி என்று நான் கருதவில்லை. போட்டி என்று அறிவித்த மறுநாளே அதற்கு ஒரு பயிற்சி வகுப்பு முளைத்துவிடும். கட்டணம் கட்டக்கூடியவன் ஜெயிப்பான். எங்கள் பிள்ளைகளுக்குத் தேர்வுகள் போதுமான அளவு இருக்கின்றன. மதிப்பெண் இல்லாத ஓர் அறிவியல் அவர்களுக்கு வேண்டும்.

அப்படியானால் ஏன் மூளை? வானியலையோ கடலையோ எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வானியலுக்குத் தொலைநோக்கி வேண்டும், கடலுக்குப் படகு வேண்டும். மூளையை ஒவ்வொரு மாணவனும் பேருந்தில் ஏறி வரும்போதே கொண்டுவந்துவிடுகிறான். ஆய்வுக்குரிய பொருளும் அவனே, ஆய்வு செய்பவனும் அவனே.

நம் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் நரம்பு மண்டலம் பற்றி ஒரு பாடம் இருக்கிறது. பெருமூளை, சிறுமூளை, முகுளம், நியூரான், ஆக்சான், மயலின் உறை, சினாப்ஸ் எல்லாம் அதில் வருகின்றன. அந்தப் பாடத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது தேர்வுக்கு வரும் விதம் வேறு: படம் வரைந்து பாகங்களைக் குறி, இவற்றின் பணிகளை எழுது. இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்பதில்லை. நினைவுக்கு ஹிப்போகாம்பஸ் வேண்டும் என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கிறது. அதை யார், எதைப் பார்த்து, எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதற்குக் கிடைப்பதில்லை. பல்கலைக்கழகச் சொற்பொழிவுக்கு உரிய இடம் அதுதான். பாடத்தை இன்னொரு முறை நடத்துவதற்கு அது தேவையில்லை.

ஓர் உதாரணம். மனித மூளையில் 10,000 கோடி நியூரான்கள் என்று நெடுங்காலம் எல்லாப் புத்தகங்களும் எழுதின. பிரேசிலைச் சேர்ந்த சுசானா ஹெர்குலானோ-ஹௌசெல் என்ற ஆய்வாளர், இதை எண்ணியது யார் என்று தேடிப் பார்த்தார். மூலம் அகப்படவில்லை. அவரே எண்ண முடிவு செய்தார். மூளையைத் துண்டு துண்டாக வெட்டி எண்ணினால் இடத்துக்கு இடம் அடர்த்தி மாறும். அதனால் திசுவைக் கரைத்து ஒரே சீரான திரவமாக்கி, அதில் மிதக்கும் உட்கருக்களுக்குச் சாயமேற்றி எண்ணினார். 2009-இல் வந்த விடை சுமார் 8,600 கோடி. பாடநூலில் அச்சாகியிருக்கும் ஒரு எண்ணைப் பார்த்து ‘யார் எண்ணினார்கள்?’ என்று கேட்கலாம் என்பதைப் பதினான்கு வயதில் ஒரு பெண் தெரிந்துகொண்டால், அன்றைய சனிக்கிழமை வீணாகவில்லை.

சொற்பொழிவு என்று நான் சொல்வது ஒருவர் பேச மற்றவர் கேட்பதை மட்டும் அல்ல. இருபது நிமிடம் பேசலாம். அதற்குமேல் பிள்ளைகள் எழுந்து ஏதாவது செய்ய வேண்டும். நான் மிகவும் நம்பும் ஒரு சோதனையை இங்கே விரிவாகச் சொல்கிறேன். ஆசிரியர்கள் நாளைக்கே செய்து பார்க்கலாம். செலவு ஒரு பைசா இல்லை. கையில் ஒரு செல்பேசி இருந்தால் போதும்.

ஐம்பது மாணவர்களை வட்டமாகத் தரையில் உட்காரவையுங்கள். ஒவ்வொருவரும் பக்கத்திலிருப்பவரின் தோளில் கை வைக்க வேண்டும். கண்ணை மூடச் சொல்லுங்கள். முதல் மாணவி நேரங்காட்டியை அழுத்தும்போதே பக்கத்துத் தோளையும் அழுத்துகிறாள். அழுத்தம் கிடைத்தவர் அடுத்தவரை அழுத்துகிறார். அது சுற்றி வந்து தன் தோளில் பட்டதும் அவள் நேரங்காட்டியை நிறுத்துகிறாள். முதல் சில சுற்றுகளில் சிரிப்பும் தடுமாற்றமும் இருக்கும். நேரம் ஏறி இறங்கும். திரும்பத் திரும்பச் செய்தால் குறைந்துகொண்டே வந்து ஓரிடத்தில் நிலைக்கும். ஒருவருக்குச் சுமார் கால் நொடி என்று வைத்தால், ஐம்பது பேருக்குப் பன்னிரண்டு பதின்மூன்று நொடி. இப்போது தோளுக்குப் பதிலாகக் கணுக்காலைப் பிடிக்கச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்படியே. மறுபடி நேரம் நிலைக்கும்வரை செய்யுங்கள். நேரம் கூடியிருக்கும்.

ஏன்? கணுக்காலிலிருந்து மூளைக்குப் போகும் வழி, தோளிலிருந்து போகும் வழியைவிட ஒருவருக்கு ஒரு மீட்டருக்குச் சற்று மேல் நீளம். ஐம்பது பேருக்கு ஏறக்குறைய 55 மீட்டர். கூடுதலாக எடுத்துக்கொண்ட நேரம் ஒரு நொடியும் சொச்சமும் என்றால், நரம்பில் செய்தி நொடிக்கு ஏறத்தாழ 50 மீட்டர் ஓடுகிறது என்று கரும்பலகையில் வகுத்துப் போடலாம். மணிக்கு 180 கிலோமீட்டர். தொடுவுணர்வு நரம்புகளுக்குப் பாடநூல்கள் தரும் வேகமும் இந்த எல்லைக்குள்தான் வரும். மூளை யோசிக்க எடுக்கும் நேரம், கை அழுத்த எடுக்கும் நேரம் எல்லாம் இரண்டு முறையிலும் ஒன்றுதானே. கழித்தால் மிஞ்சுவது வழியின் நீளம் மட்டும். அந்தக் கழித்தலில்தான் அறிவியல் இருக்கிறது.

இதைத்தான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஆய்வாளர் 1850-இல் தவளையின் நரம்பில் செய்தார். நரம்புச் செய்தியின் வேகத்தை மனிதனால் ஒருபோதும் அளக்க முடியாது என்று அவருடைய ஆசிரியர் யோகன்னஸ் முல்லர் எழுதியிருந்தார். மாணவர் அளந்துவிட்டார்: நொடிக்குச் சுமார் 30 மீட்டர். எண்ணம் என்பது கண நேரத்தில் நிகழ்கிறது, அதற்குக் காலமே ஆவதில்லை என்று அதுவரை இருந்த நம்பிக்கை அன்றோடு முடிந்தது.

இந்த வட்டச் சோதனையில் நம் ஊருக்கே உரிய ஒன்றும் உண்டு. யார் காலை யார் பிடிப்பது என்பது இங்கே சும்மா எழும் கேள்வி அல்ல. பிள்ளைகள் தயங்குவார்கள். ஆசிரியரும் பேராசிரியரும் வட்டத்தில் உட்கார்ந்து முதலில் ஒரு மாணவனின் காலைப் பிடித்தால் தயக்கம் போய்விடும். ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் தனி வட்டமாக இருந்தால் இரண்டு விடைகள் கிடைக்கும். இரண்டும் ஏன் சற்று வேறுபடுகின்றன என்ற விவாதம் தானாகத் தொடங்கும். அந்த விவாதத்தை அவசரப்பட்டு முடித்துவைக்காதீர்கள்.

இன்னொரு சோதனைக்குச் சிறிது பணம் வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த கிரெக் கேஜும் டிம் மார்சுல்லோவும் பள்ளிகளுக்குப் போய் நரம்பணுவைப் பற்றிச் சொல்லிவந்தவர்கள். பந்துகளை வைத்து விளக்குவது அவர்களுக்குப் போதவில்லை. உண்மையான நரம்பின் துடிப்பைப் பிள்ளைகள் காதால் கேட்க வேண்டும் என்று, 2009-இல் கைக்கடக்கமான ஒரு மின்பெருக்கிப் பெட்டியைச் செய்தார்கள். கரப்பான்பூச்சியைப் பனிநீரில் உணர்விழக்கச் செய்து, ஒரு காலை எடுத்து, இரண்டு ஊசி குத்தி, பெட்டியில் இணைத்தால் ஒலிபெருக்கியில் சடசடவென்று ஒலி வரும். காலிலுள்ள முள் போன்ற மயிரைத் தொட்டால் ஒலி நெருக்கமாகும், விட்டால் அடங்கும். தொடும் அழுத்தம் கூடினால் துடிப்பின் உயரம் கூடாது, எண்ணிக்கைதான் கூடும் என்பதை எட்கர் ஏட்ரியன் 1920-களில் கேம்பிரிட்ஜில் கண்டார். 1932-இல் அதற்கு நோபல் பரிசு பெற்றார். அன்று அவருக்கு ஓர் ஆய்வகமே தேவைப்பட்டது. இன்று நம் பொறியியல் கல்லூரி மின்னணுவியல் மாணவர்கள் அந்தப் பெட்டியைத் தாங்களே செய்து கொடுக்கலாம். பூச்சிக்கு வலிக்குமா என்று யாராவது ஒரு பிள்ளை நிச்சயம் கேட்கும். அந்தக் கேள்விக்கு நேர்மையாக நேரம் ஒதுக்க வேண்டும்.

கண்ணாடி ஒன்று இருந்தால் நினைவைப் பற்றிப் பேசிவிடலாம். நட்சத்திரம் வரைந்த தாளை மேசையில் வைத்து, நேராகப் பார்க்க முடியாதபடி மறைத்து, கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கோட்டின்மேல் பென்சிலை ஓட்டச் சொல்லுங்கள். முதலில் கை எங்கெங்கோ போகும். சில முறை செய்தால் பழகும். ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு வலிப்பைக் கட்டுப்படுத்துவதற்காக 1953-இல் மூளையின் இருபுறமும் ஹிப்போகாம்பஸ் உள்ள பகுதியை அகற்றினார்கள். அதற்குப் பிறகு புதிதாக எந்த நிகழ்ச்சியும் அவர் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவருக்கு இந்த நட்சத்திரத்தைக் கொடுத்தார். மூன்று நாளில் அவர் கை தேறிவிட்டது. ஆனால் ஒவ்வொரு முறையும், இதை முன்பு செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. கைக்கு வரும் பழக்கம் ஒரு வழியிலும், நடந்ததை நினைத்துப் பார்ப்பது இன்னொரு வழியிலும் மூளையில் நடக்கின்றன என்பதற்கு அதுவே சான்றாயிற்று. தன் மறதியையே ஐம்பது ஆண்டுக்கு மேல் அறிவியலுக்குத் தந்த அந்த மனிதர் 2008-இல் காலமானார். அவர் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் ஹிப்போகாம்பஸைச் சொல்லக் கூடாது என்பது என் கருத்து.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரனையும் இங்கே குறிப்பிட வேண்டும். கை துண்டிக்கப்பட்டவர்களுக்கு இல்லாத கையில் வலி வரும். 1990-களில் அவர் ஒரு பெட்டியில் கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் தெரியச் செய்தார். சிலருக்கு அந்த வலி குறைந்தது. உலகமெல்லாம் பேசிய ஆய்வு. கருவியின் விலை ஒரு கண்ணாடியின் விலை. இங்கே படித்த ஒருவரின் பெயரை இங்கே படிக்கும் பிள்ளைகள் கேள்விப்படாமல் இருக்கக் கூடாது.

மூளையைக் கண்ணால் பார்க்கவே வேண்டும். கறிக்கடையில் ஆட்டு மூளை கிடைக்கிறது. எடை நூறு கிராம் சொச்சம். நம் மூளை ஆயிரத்து முந்நூறு, நானூறு கிராம். ஃபார்மலினில் இரண்டு வாரம் ஊறவைத்தால் கெட்டிப்பட்டு, குறுக்கே வெட்டிக் காட்டத் தோதாகும். ஆனால் பதப்படுத்தாத ஒன்றையும் கையுறை போட்டுத் தொடச் சொல்வேன். இளநீர் வழுக்கை போல நழுவும். இவ்வளவு மென்மையானதா என்று திகைக்கிற பையனிடம் தலைக்கவசத்தைப் பற்றித் தனியாக ஒரு பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் மனித மூளைகளின் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. பல ஆண்டு உழைப்பில் சேர்ந்த சேகரிப்பு. பக்கவாதத்தில் சிதைந்தது, கட்டி அழுத்தியது, முதுமையில் சுருங்கியது என்று ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்கள். சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில், கருவிலிருக்கும் குழந்தையின் மூளையை 5,132 நுண்வெட்டுகளாகப் படமெடுத்து ‘தரணி’ என்ற பெயரில் வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். நம் மேல்நிலைப் பள்ளிகளின் கணினி அறைகளில் அதைத் திறந்து காட்டினால் என்ன?

இதுவரை சொன்னதெல்லாம் ஆர்வத்தைக் கிளப்புவதற்கு. ஆனால் சொற்பொழிவைக் கேட்கும் நூறு பேரில் ஒருவர் நரம்பியலுக்கு வந்தாலே பெரிது. மற்ற தொண்ணூற்றொன்பது பேருக்கும் என்ன பயன்? என் மனத்துக்கு நெருக்கமான பகுதி இதுதான்.

பேருந்து நிலையத்தில் ஒருவருக்கு வலிப்பு வந்தால் நம் ஊரில் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். கூட்டம் கூடும். ஒருவர் சாவிக்கொத்தை நீட்டுவார். இன்னொருவர் இரும்புக் கம்பி தேடுவார். கையில் இரும்பைத் திணித்ததும் சற்று நேரத்தில் வலிப்பு நின்றுவிடும். இரும்புதான் நிறுத்தியது என்று கூட்டம் கலையும். படித்தவர்களும் இதைச் செய்கிறார்கள். காரணம், அவர்கள் கண்ணெதிரே அது ‘வேலை செய்கிறது’. வலிப்பு என்பது மூளையின் நரம்பணுக்கள் கட்டுமீறி ஒருசேரத் துடிப்பதால் வருவது. பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தானாகவே அடங்கிவிடும். சாவியைத் தேடி எடுத்துக் கையில் வைப்பதற்குள் அந்த நேரம் ஆகிவிடுகிறது. சாவி வைக்காவிட்டாலும் நின்றிருக்குமா என்று யாரும் பார்த்ததில்லை. ஒப்பிட்டுப் பார்க்காமல் காரணம் சொல்லக் கூடாது என்ற அறிவியலின் முதல் விதியை விளக்க, இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

அதோடு செய்ய வேண்டியதையும் சொல்லிக்கொடுத்துவிடலாம். சுற்றியிருக்கும் கூர்மையான பொருள்களை அகற்று. தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வை. வாயில் எதையும் திணிக்காதே, தண்ணீர் ஊற்றாதே, கை கால்களை அழுத்திப் பிடிக்காதே. துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வை. மணியைப் பார். ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐ அழை. நினைவு திரும்பும்வரை பக்கத்திலேயே இரு. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி இதைச் செய்ய முடியும். ஒரு தெருவுக்கே சொல்லவும் முடியும்.

உலகில் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது என்றும், முறையாக மருந்து கிடைத்தால் அவர்களில் 70 சதவீதம் பேர் வலிப்பில்லாமல் வாழலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் நம் நாட்டில் அந்த நோயை மறைத்து வைப்பார்கள், அதிலும் பெண் பிள்ளைகளுக்கு என்றால் வெளியே மூச்சுவிட மாட்டார்கள். காரணம் திருமணம். இந்துத் திருமணச் சட்டம் திருமணத் தகுதியைச் சொல்லும் இடத்தில், மனநோயோடு சேர்த்து வலிப்பையும் தடையாகக் குறிப்பிட்டிருந்தது. 1999-இல்தான் அந்தச் சொல் நீக்கப்பட்டது. சட்டம் மாறிவிட்டது, வீடுகள் மாறவில்லை. வீட்டுக்குள் செய்தியைக் கொண்டுபோகக்கூடியவர்கள் பிள்ளைகள்தான்.

மூளையின் பெயரால் நடக்கும் வியாபாரம் இன்னொன்று. சில ஆண்டுகளுக்கு முன் ‘மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன்’ என்று ஊர் ஊராக வகுப்புகள் நடந்தன. நடுமூளையைத் தூண்டிவிட்டால் குழந்தை கண்ணைக் கட்டிக்கொண்டே நிறம் சொல்லும், புத்தகம் படிக்கும் என்று ஆயிரக்கணக்கில் பணம் வாங்கினார்கள். வகுப்பு நடத்தப் பள்ளிகளே இடம் கொடுத்தன. உண்மையில் நடுமூளை யாரும் தூண்டாமலே பிறந்த நாளிலிருந்து வேலை செய்துகொண்டிருக்கிறது. கண்ணை அசைக்கவும், சத்தம் வந்த திசைக்குத் தலையைத் திருப்பவும், விழிப்போடு இருக்கவும் அது வேண்டும். அது நின்றால் நினைவே இருக்காது. கட்டிய துணிக்கும் மூக்குக்கும் இடையில் உள்ள சந்து வழியாகக் குழந்தை கீழே பார்க்கிறது, அவ்வளவுதான். பகுத்தறிவு அமைப்பினர் பல இடங்களில் இதை மேடையிலேயே அம்பலப்படுத்தினார்கள். முகத்துக்கும் அட்டைக்கும் நடுவே ஒரு தடுப்பைப் பிடித்தால் வித்தை நின்றுவிடும். எனக்கு இதில் தாங்க முடியாதது பணம் போனது அல்ல. தெரியாததைத் தெரிந்ததாக நடிக்கும்படி ஒரு குழந்தையைப் பெரியவர்கள் பழக்கினார்களே, அதுதான். நாம் பள்ளிக்குப் போகாமல் இருந்ததால் அவர்கள் போனார்கள்.

பிள்ளைகளுக்கு உடனடியாக உதவும் இரண்டு செய்திகளையும் சேர்த்துவிடுகிறேன். ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் 2006-இல் செய்த சோதனை. ஒரு பத்தியைப் படித்த மாணவர்களில் ஒரு சாரார் அதையே மறுபடி படித்தார்கள். மற்றவர்கள் தாளை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள் 81 சதவீதமும் எழுதிப் பார்த்தவர்கள் 75 சதவீதமும் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. திரும்பத் திரும்பப் படித்தால் மனத்தில் ஏறிவிட்டது போலத் தோன்றும். மூடிவைத்து எழுதினால்தான் தங்கும்.

மற்றது தூக்கம். பதின்பருவத்தில் உடலின் உட்கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. இரவில் தூக்கம் தாமதமாகத்தான் வரும். இது சோம்பல் அல்ல. பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுவரை எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர்கள் சங்கம், உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று 2014-இல் அறிவுறுத்தியது. இங்கே பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளை விடியற்காலையில் எழுப்பிச் சிறப்பு வகுப்புக்கு அனுப்புகிறோம். அன்று படித்ததை மூளை நிலைப்படுத்திக்கொள்ளும் வேலையில் பெரும்பங்கு தூக்கத்தில் நடக்கிறது என்பது தெரிந்த பிறகும் இதைச் செய்வது சரியல்ல. பெற்றோர்களையும் சொற்பொழிவுக்கு அழைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

எப்படி நடத்துவது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்பு நல்ல வயது. பொதுத்தேர்வின் பிடி இன்னும் இறுகியிருக்காது. ஒரே ஒரு நாள் விழாவாக நடத்தி, பொன்னாடை போர்த்தி, படம் எடுத்து முடித்துவிடக் கூடாது. அதே பிள்ளைகள் ஆறு மாதம் தொடர்ந்து வர வேண்டும். தமிழில் பேச வேண்டும். நியூரான், சினாப்ஸ் என்று பிள்ளைகள் பாடநூலில் பார்த்த பெயர்களையே பயன்படுத்தலாம். ஒவ்வொரு அமர்விலும் பாதி நேரம் மாணவர்களின் கேள்விக்கு. பேய் பிடிப்பது பற்றிக் கேட்பார்கள், கனவு பற்றிக் கேட்பார்கள், அப்பாவின் குடியைப் பற்றிக் கேட்பார்கள். கடைசிக் கேள்வியை ஒருவன் எல்லோர் முன்னாலும் கேட்க மாட்டான். சீட்டில் எழுதிப் போட ஒரு பெட்டி வையுங்கள். நினைவாற்றல் மாத்திரை விற்பவரிடமும் பயிற்சி வகுப்பு நடத்துபவரிடமும் நன்கொடை வாங்காதீர்கள். நுழைவுக்கட்டணம் இல்லை என்று சொன்னால் மட்டும் அது இலவசம் ஆகிவிடாது. கிராமத்துப் பள்ளிக்குப் பேருந்துச் செலவும் மதியச் சாப்பாடும் கணக்கில் வர வேண்டும். அவை இல்லாவிட்டால் கல்லூரியைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளிகள்தான் வரும். வழக்கமாக வசதியுள்ள பள்ளிகளாகத்தான் அவை இருக்கும்.

இதற்குப் புதிதாகக் கட்டடம் எழுப்ப வேண்டியதில்லை. நாட்டிலேயே முதல் நரம்பியல் துறையை ஜேக்கப் சாண்டி 1949-இல் வேலூரில் தொடங்கினார். மறு ஆண்டு சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி நரம்பு அறுவைச் சிகிச்சையைத் தொடங்கினார். இந்த மண்ணுக்கு இந்தத் துறையில் எழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அனுபவம் இருக்கிறது. இன்று தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஒவ்வொன்றிலும் உடற்கூறியல் துறை உண்டு. அதன் அருங்காட்சியகத்தில் கண்ணாடி ஜாடிகளில் மூளைகள் உண்டு. உடலியங்கியல் துறை உண்டு. விரிவுரை அரங்கம் உண்டு. சனிக்கிழமை பிற்பகலில் அது பூட்டிக் கிடக்கிறது. அன்றைக்குச் சொல்லிக்கொடுக்க ஆர்வமுள்ள முதலாண்டு, இரண்டாமாண்டு மாணவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் அரசுப் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். பிள்ளைகள் எங்களைவிட அவர்களிடம்தான் தயங்காமல் கேட்பார்கள்.

ஆகவே இந்த அரங்கில் இருக்கும் துறைத் தலைவர்களுக்கு என் வேண்டுகோள் இது. உங்கள் முதல்வரிடம் பேசி, மாதத்தில் ஒரு சனிக்கிழமைப் பிற்பகலுக்கு அரங்கத்தின் சாவியை வாங்கி வையுங்கள். உங்கள் கல்லூரிக்குத் தொலைவிலுள்ள மூன்று அரசுப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கு இந்த வாரமே கடிதம் எழுதுங்கள். பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் முதல் ஆண்டு ஆகும் செலவில் ஒரு பகுதியை இந்த அறக்கட்டளையின் வட்டியிலிருந்து தர இயலுமா என்று நிறுவனர் குடும்பத்தாரைக் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். மாணவர்களே, கடிதம் வரும்வரை காத்திருக்காதீர்கள். எங்களைக் கூப்பிடுங்கள் என்று உங்கள் தலைமையாசிரியர் வழியாக நீங்களே எழுதிக் கேளுங்கள்.